பாங்கு கொடுக்கும் வட்டி

பாங்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் அது வாங்கும் வட்டியே பலர்க்கும் நினைவில் எழுகின்றது. வீடு கட்டவும் வாணிகம் நடத்தவும் கடன் பெற்றோர் மாதந்தோறும் செலுத்துவது அவ்வட்டியாதலின் இஃது இயல்பே. ஆயின் அப்பாங்கு தானும் ஒரு கடனாளி என்பதும், பிறரிடம் பெற்ற பணத்திற்கு நாள்தோறும் வட்டி கொடுத்து வருகின்றது என்பதும், அவ்வாறு கொடுக்கும் வட்டியின் ஏற்றமே சில வேளைகளில் அதன் வாழ்வை முடித்துவிடும் என்பதும் அத்துணை எளிதிற் புலப்படுவன அல்ல. பொருளியல் பயிலும் மாணவர்க்கேயன்றி, சிறு தொகையேனும் பாங்கில் இட்டு வைத்திருக்கும் பிறர்க்கும் இதனை அறிதல் பயன்படுமாதலின், ஈண்டுச் சிறிது விரித்துரைக்கப் புகுகின்றோம். நாடெங்கும் பரந்த பெரும் பாங்குகளைக் காட்டிலும், ஒரு வட்டாரத்தில் வேரூன்றி வளர்ந்த நடுத்தரப் பாங்குகளிடத்தே இவ்விஷயம் தெளிவாக விளங்கும். ஆகவே அத்தகைய பாங்கொன்றின் வரலாற்றையே பின்னர் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

துணி வணிகர் ஒருவர் புடைவை ஒன்றை 1,000 ரூபாய்க்கு வாங்கி 1,200 ரூபாய்க்கு விற்பாராயின், அவ்வியாபாரம் அன்றோடு முடிந்தது. மறுநாள் நெசவாளர் விலையை ஏற்றினாலும், விற்றுப்போன புடைவையின் கொள்முதல் மாறப் போவதில்லை. பாங்கு விற்கும் சரக்கோ பணம். ஒருவர்க்கு 20 ஆண்டில் திருப்பும்படி ஒரு தொகையை நிலையான வட்டிக்குக் கொடுக்குமாயின், விற்பனை விலை அன்றே உறுதியாகிவிடுகின்றது. கொள்முதல் விலையோ உறுதியாவதில்லை. அத்தொகையைத் தந்த வைப்பாளர் நாளையே வந்து கேட்கலாம். அன்றி, 'வேறிடத்தில் அதிக வட்டி தருகின்றனர், நீரும் தருக' எனலாம். எனவே பாங்கு ஒருமுறை விற்றுவிட்ட அதே சரக்கை, அக்கடன் தீருமளவும் மீண்டும் மீண்டும் அன்றன்றைய விலை கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கவேண்டியதாகின்றது. உலகில் வேறெவ்வணிகர்க்கும் இத்தகைய நெருக்கடி இத்துணைப் பெரிதாக இல்லை என்றே சொல்லலாம். லாப நஷ்டக் கணக்கில் 'கொடுத்த வட்டி' என்று ஒரே வரியாக நிற்கும் தொகை இந்தத் தொடர்ந்த கொள்முதலின் விலையேயாம்.

இனி, பாங்கு பணம் பெறும் வழிகள் எவை? முதலாவது, நடப்புக் கணக்குகள். வணிகரும் கம்பெனிகளும் கொடுக்கல் வாங்கலின் பொருட்டு வைத்திருக்கும் இப்பணத்திற்கு இந்தியாவில் வட்டி இல்லை. இரண்டாவது, சேமிப்புக் கணக்குகள். இவற்றிற்குக் குறைந்த வட்டி உண்டு. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் வரை இவ்வட்டியை ரிசர்வ் பாங்கே குறித்து வந்தது. அதன்பின் ஒவ்வொரு பாங்கும் தானே குறித்துக்கொள்கின்றது. மூன்றாவது, தவணை வைப்புகள். இவற்றின் வட்டி உயர்வு, ஆனால் தவணை முடியுந்துணையும் மாறாது. நான்காவது, பிற பாங்குகளிடத்தும் மத்திய பாங்கினிடத்தும் வாங்கும் கடன். இஃது ஓரிரவிற்கும் உண்டு, சில ஆண்டுகளுக்கும் உண்டு; கேட்டவுடன் கிடைப்பது, ஆயின் சந்தை வட்டி முழுவதையும் கொடுத்தே தீரவேண்டியது. இவையன்றிப் பங்குதாரர் இட்ட முதலும் உண்டு. அதற்கு வட்டி என ஒன்றில்லாமையின் இக்கணக்கில் அது வாராது.

நடப்புக் கணக்குப் பணம் இலவசம் என்று எண்ணுதல் ஒரு மயக்கம். வட்டியென்னும் வரியில் அது செலவாகத் தோன்றாமற் போகலாம். ஆயின் அக்கணக்குகளைக் கவர்ந்து வைத்துக்கொள்ளக் கிளைகள் வேண்டும், எழுத்தர் வேண்டும், காசோலைகளைத் தீர்க்கும் ஏற்பாடு வேண்டும். இச்செலவெல்லாம் சம்பளம், வாடகை முதலிய தலைப்புகளில் மறைந்து நிற்கும். மிகக் குறைந்த வட்டி கொடுக்கும் பாங்கு, பெரும்பாலும், மிகுந்த உபசாரம் செய்யும் பாங்காகவே இருக்கக் காண்கின்றோம். வட்டிச் செலவு குறைவென்று புகழ்ந்துரைப்போர் நிர்வாகச் செலவையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஓர் எண் உதாரணம் கொள்வோம். பாங்கொன்று திரட்டிய பணம் மொத்தம் 100 கோடி ரூபாய் என்க. அதில் 40 கோடி நடப்புக் கணக்கில், வட்டியின்றி. 30 கோடி சேமிப்பில், நூற்றுக்கு இரண்டரை வட்டியில். 20 கோடி தவணை வைப்பில், 6 வட்டியில். 10 கோடி வெளிக்கடன், 7 வட்டியில். ஆண்டு வட்டிச் செலவு முறையே 0, 75 லட்சம், 1 கோடியே 20 லட்சம், 70 லட்சம். ஆக 2 கோடியே 65 லட்சம். அதாவது திரட்டிய பணமனைத்தையும் நோக்க நூற்றுக்கு 2.65 விழுகின்றது. இப்பாங்கு 90 கோடியைக் கடனாகக் கொடுத்து, நூற்றுக்கு 7 வீதம் 6 கோடியே 30 லட்சம் வட்டி வாங்குமாயின், மீதம் 3 கோடியே 65 லட்சம். சம்பளம், வாடகை, வாராக் கடன், வரி ஆகிய எல்லாம் இம்மீதத்திலிருந்தே செல்லவேண்டும்.

இப்பொழுது எவ்வட்டி விகிதமும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நடப்புக் கணக்கு வைத்திருந்தோர் சிலர், 'வட்டியில்லாமல் ஏன் பணத்தை உறங்கவிட வேண்டும்?' என்று எண்ணி, 15 கோடியை எடுத்து அதே பாங்கில் தவணை வைப்பாக மாற்றிவிடுகின்றனர். பாங்கைவிட்டு ஒரு காசும் போகவில்லை. மொத்தம் அதே 100 கோடிதான். ஆயினும் தவணை வைப்பு 35 கோடியாகி, அதற்கு மட்டும் 2 கோடியே 10 லட்சம் வட்டி. மொத்தச் செலவு 3 கோடியே 55 லட்சம். ஒரே அசைவில் 90 லட்சம் ஏறிற்று. மீதம் 2 கோடியே 75 லட்சமாகக் குறைந்தது. கொள்முதல் விலை ஏறுவதற்கு வட்டி விகிதம் உயரவேண்டும் என்பதில்லை. பணத்தின் கலப்பு மாறினாலே போதும். பாங்குகளின் அறிக்கைகளில் வைப்புத்தொகை வளர்ந்துள்ளது என்று பெருமிதத்தோடு எழுதப்பட்டிருக்கும்பொழுது, எவ்வகை வைப்பு வளர்ந்தது என்று கேட்க மறத்தலாகாது. நடப்பு, சேமிப்பு இரண்டும் சேர்ந்து மொத்த வைப்பில் நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கை இந்தியப் பாங்குகள் 'காசா' என்னும் பெயரால் வெளியிடுவது இக்கேள்விக்கு விடையாகத்தான்.

விகிதம் காணுங்கால் எத்தொகையால் வகுப்பது என்பதிலும் கருத்து வேண்டும். மேற்கண்ட முதற் கணக்கில் 2 கோடியே 65 லட்சத்தை 100 கோடியால் வகுத்தால் 2.65, வட்டி பெறும் 60 கோடியால் மட்டும் வகுத்தால் 4.42 ஆகும். இரண்டும் சரியான கணக்கே. ஆனால் ஒரு பாங்கிற்கு முன்னதையும் மற்றொன்றிற்குப் பின்னதையும் எடுத்து ஒப்பிடுதல் பிழை. அன்றியும், வட்டி ஆண்டு முழுவதும் ஏறியது. ஐந்தொகையோ ஆண்டின் இறுதி நாளில் இருந்த நிலையைக் காட்டுவது. ஆகவே இறுதி நாள் இருப்பால் வகுத்தல் தகாது. ஆண்டின் சராசரி இருப்பே வகுக்கும் தொகையாதல் வேண்டும். இச்சராசரிக்கும் ஒரு குற்றம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

கும்பகோணம், கரூர், தூத்துக்குடி ஆகிய ஊர்களில் தோன்றிய நம் நாட்டுப் பாங்குகளின் ஆண்டறிக்கையைக் கையிலெடுக்கும் மாணவர் இவ்விவரங்களைத் தேடி அலையவேண்டியதில்லை. இந்தியப் பாங்குகளின் கணக்குகள் ஒரே படிவத்தில் அமைந்தவை. 3-ஆம் அட்டவணையில் வைப்புகள் வகைவகையாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். 4-ஆம் அட்டவணையில் வெளிக்கடன். 13-ஆம் அட்டவணையில் பெற்ற வட்டி. 15-ஆம் அட்டவணையில் கொடுத்த வட்டி. இப்பதினைந்தாவது அட்டவணை வைப்புகளுக்குக் கொடுத்த வட்டி, ரிசர்வ் பாங்கிற்கும் பிற பாங்குகளுக்கும் கொடுத்த வட்டி, ஏனைய வட்டி என மூன்று கூறுடையது. இரண்டாண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துக்கொண்டு, மேற்கூறிய முறையில் அரைமணி நேரம் கணக்கிட்டால், தலைவரின் உரை பல பக்கங்களில் சொல்லாத செய்தி கிடைக்கும்.

கேட்டவுடன் கொடுக்கவேண்டிய பணத்திற்கும் தவணைப் பணத்திற்கும் வேறு வேறு விலை உண்டு என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் இரங்கூனில் மாதந்தோறும் கூடி 'நடப்பு வட்டி' இன்னதென்று குறித்து வந்தனர். குறித்த தவணைக்கு இட்ட பணத்திற்குத் 'தவணை வட்டி' தனியே வழங்கிற்று. நடப்பு வட்டி மாதத்திற்கு மாதம் மாறுவதாதலின், பழைய இருப்பிற்கும் புதிய விலையே சென்றது. வைப்பின் விலை சந்தையோடு நடக்கும் என்பதை அச்சொல்லே காட்டுகின்றது.

சந்தை வட்டி ஏறும்பொழுது ஒரு பாங்கின் வைப்பு வட்டி எவ்வளவு ஏறும்? இஃது அதன் வைப்பாளர் எத்தகையோர் என்பதைப் பொறுத்தது. மத்திய பாங்கு தன் வட்டியை 4 உயர்த்த, ஒரு பாங்கின் சராசரி வைப்பு வட்டி 1.20 மட்டுமே ஏறுமாயின், அப்பாங்கு நூற்றில் முப்பது பங்கையே வைப்பாளரிடம் சேர்த்தது எனலாம். ஓய்வூதியம் பெறும் முதியோரும் சிறு கடைக்காரரும் நிறைந்த பாங்கில் இப்பங்கு குறைவாகவே இருக்கும். அவர் பணம் அசைவது அருமை. பெருந்தனவந்தரும், அவர்தம் கணக்கரும், பெருங் கம்பெனிகளின் பொக்கிஷதாரரும் நிறைந்த பாங்கில் இது விரைவில் ஏறும். கால் வட்டி வேற்றுமைக்கும் அவர் பணத்தை மாற்றுவர். இன்னொன்றும் உண்டு. இப்பங்கு எக்காலத்தும் ஒரே அளவாக நில்லாது. வட்டி ஏறத்தொடங்கிய முதல் மாதங்களில் வைப்பாளர் உறங்குவார் போலிருப்பர், பின்னர் விழித்துக்கொள்வர். பழைய அநுபவத்தைக்கொண்டு வரப்போகும் செலவை மதிப்பிட்ட பாங்குகள் பல இடறியது இவ்விடத்திலேதான்.

இனி நாம் முன்னர்க் கூறிய உதாரணத்திற்கு வருவோம்.

அமெரிக்காவின் மேலைக் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் 1985-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹெர்பர்ட் என்பார் பர்ஸ்ட் ரிபப்ளிக் பாங்கை நிறுவினார். 2007-இல் அதனை மெரில் லிஞ்ச் கம்பெனி வாங்கிற்று. அக்கம்பெனியோடு அது பாங்க் ஆப் அமெரிக்காவின் கையிற் சென்று, 2010-இல் மீண்டும் தனிப் பாங்காயிற்று. செல்வர்க்கு வீட்டுக் கடன் கொடுத்தலே அதன் முதன்மைத் தொழில். அக்கடன்களிற் பல, முதல் பத்தாண்டு வட்டி மட்டும் செலுத்தினாற் போதும், அசல் பின்னர் என்னும் நிபந்தனையுடையன. வட்டியோ மிகக் குறைவு. இவ்வளவு சலுகை செய்ததன் நோக்கம், கடன் பெற்றவர் தம் கைப்பணத்தையும் அப்பாங்கிலேயே இடுவர் என்பது. இடவும் இட்டனர். கிளைக்கு வருவோர்க்குச் சூடான பிஸ்கோத்து கொடுக்கும் அளவிற்கு உபசாரத்திற் பெயர் பெற்ற பாங்கு அது. கடன் திரும்பாமற் போனது மிக அரிது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் சொத்து 21,260 கோடி டாலர். வைப்பு 17,640 கோடி டாலர். அவ்வாண்டு நிகர லாபம் ஏறத்தாழ 170 கோடி டாலர். வெளித்தோற்றத்தில் குறை காண்பதற்கில்லை.

ஆயின் அவ்வைப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு காப்புறுதிக்கு வெளியே நின்றது. அமெரிக்காவில் ஒரு பாங்கில் ஒருவர்க்கு 2,50,000 டாலர் வரையே அரசாங்கக் காப்புறுதி உண்டு. செல்வர் பணம் அவ்வரம்பைக் கடந்து நிற்பது இயல்பே. மத்திய பாங்காகிய பெடரல் ரிசர்வோ, விலைவாசி ஏற்றத்தை அடக்கும்பொருட்டு, 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த தன் வட்டியை அவ்வாண்டு டிசம்பருக்குள் 4.25 முதல் 4.50 வரையில் ஏற்றிவிட்டது. வைப்பாளர் விழித்துக்கொள்ளத் தொடங்கினர். வட்டி வரவு செலவு வித்தியாசம், வட்டி ஈட்டும் சொத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்னும் கணக்கு, 2022-இன் கடைசி மூன்று மாதத்தில் 2.45 ஆக இருந்தது. அடுத்த மூன்று மாதத்தில் 1.77 ஆகச் சுருங்கிற்று.

இச்சுருக்கத்தின் நடுவே நிகழ்ந்ததுதான் பேரிடி. 2023 மார்ச் 9-ஆம் நாள் சிலிக்கான் வாலி பாங்கிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறிற்று. மறுநாள் அது மூடப்பட்டது. 12-ஆம் நாள் நியூயார்க்கில் சிக்னேச்சர் பாங்கு மூடப்பட்டது. பர்ஸ்ட் ரிபப்ளிக் வைப்பாளர், 'அடுத்தது இதுவோ?' என அஞ்சினர். வாயிலில் வரிசையில் நின்று பணம் பெற்ற பழங்காலம் கழிந்துவிட்டது. கையிலுள்ள தொலைபேசியைத் தொட்டுப் பணத்தை மாற்றினர்.

ஓடிய பணத்தின் இடத்தை எது நிரப்பிற்று என்பதே நம் பாடத்திற்கு உரிய கேள்வி. மார்ச் 10 முதல் 15 வரையில் அப்பாங்கு பெடரல் ரிசர்விடம் வாங்கிய கடன் 2,000 கோடி டாலருக்கும் 10,900 கோடி டாலருக்கும் இடையே ஏறியிறங்கிற்று. அதன் ஓரிரவு வட்டி நூற்றுக்கு 4.75. வீட்டுக்கடன் பாங்குகளுக்கு உதவ 1932-இல் ஏற்பட்ட கூட்டரசு வீட்டுக்கடன் பாங்கிடம் மேலும் 1,000 கோடி டாலர், 5.09 வட்டியில். மார்ச் 16-ஆம் நாள் பதினொரு பெரும் பாங்குகள் சேர்ந்து 3,000 கோடி டாலரை வைப்பாக இட்டன. அதுவும் சந்தை வட்டிக்கே, 120 நாள் தவணையில். மார்ச் 31-இல் வைப்பு 10,450 கோடி டாலர் எனக் கணக்குக் காட்டிற்று. பெரும் பாங்குகள் இட்டதைக் கழித்தால் எஞ்சியது 7,450 கோடி. அதாவது மூன்று மாதத்தில் 10,190 கோடி டாலர் போய்விட்டது.

இப்போது பேனாவை எடுத்துக் கணக்கிடுக. பதினாயிரம் கோடி டாலருக்கு நூற்றுக்கு 5 வட்டி வைத்தால் ஆண்டிற்கு 500 கோடி டாலர். ஓடிப்போன வைப்புகளுக்கு முன்னரே ஒன்றரை வட்டி கொடுத்து வந்ததாக வைத்துக்கொண்டு, அதனால் மிஞ்சிய 150 கோடியைக் கழித்தாலும், புதிதாய் ஏறிய செலவு 350 கோடி டாலர். முந்திய ஆண்டின் நிகர லாபமோ 170 கோடி. ஒருவரும் கடனைத் திருப்பாமல் ஏமாற்றவில்லை. ஓர் எழுத்தரும் களவு செய்யவில்லை. கொள்முதல் விலை மாத்திரம் ஏறிற்று. நூற்றுக்கு 3 வட்டியில் கொடுத்த வீட்டுக் கடன் ஒவ்வொன்றும், 5 வட்டிக்கு வாங்கிய பணத்தால் தாங்கப்படும்பொழுது, ஒவ்வொரு நூறு டாலரிலும் ஆண்டிற்கு 2 டாலர் நஷ்டத்தை ஈன்றுகொண்டிருக்கும்.

சராசரியின் குற்றத்தை இங்கே காணலாம். அந்த மூன்று மாதத்திற்கும் அப்பாங்கு காட்டியது நஷ்டமன்று; 26.9 கோடி டாலர் லாபம்! எப்படி? 90 நாட்களுள் 68 நாள் பழைய நிலை. 22 நாளே புதிய நிலை. முன்னாட்களின் மலிவான பணம் பின்னாட்களின் விலையை மறைத்துவிட்டது. லாபத்தொகையை மட்டும் நோக்கினவர், 'முன்னையினும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவ்வளவே' என்று அமைந்திருக்கலாம். இறுதி நாள் ஐந்தொகையில் வைப்பும் கடனும் இடம் மாறி நிற்பதை நோக்கினவர்க்கே அடுத்த மூன்று மாதத்தின் கதி தெரிந்தது. ஏப்ரல் 24-ஆம் நாள் இவ்வறிக்கை வெளியாயிற்று. மறுநாள் அதன் பங்கு விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. ஆகவே, கழிந்த காலத்துச் செலவிற்குச் சராசரி இருப்பும், வருங்காலத்துச் செலவிற்கு இறுதி நாள் இருப்பும் அன்றைய வட்டியும் ஆக இரண்டு கணக்கும் போட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

'அக்கடன்களை விற்றுப் பணமாக்கி, வெளிக்கடனை அடைத்திருக்கலாகாதோ?' என்று மாணவர் வினவலாம். நல்ல வினாவே. நூற்றுக்கு 3 வட்டியில், பத்தாண்டின் இறுதியில் அசலைத் திருப்பும் 100 டாலர்க் கடன் ஒன்றுண்டு என்க. சந்தையில் வட்டி 6 ஆகிவிட்டால், அக்கடனை 100 டாலர் கொடுத்து வாங்குவார் யார்? வருடந்தோறும் வரும் 3 டாலரையும் இறுதியில் வரும் 100 டாலரையும் 6 வட்டியில் இன்றைய மதிப்பிற்குக் கொணர்ந்தால் ஏறத்தாழ 78 டாலரே தேறும். விற்றால் 22 டாலர் நஷ்டம் இன்றே கணக்கில் ஏறிப் பங்குதாரர் முதலை விழுங்கிவிடும். விற்காமல் வைத்திருந்தால் அந்நஷ்டம் தோன்றாது. ஆனால் ஆண்டுதோறும் 3 வாங்கி 6 கொடுக்கும் துன்பம் நிற்கும். இவை இரண்டும் வேறு வேறு நஷ்டங்கள் என்று பலர் மயங்குகின்றனர். பத்தாண்டிற்கு ஆண்டொன்றுக்கு 3 டாலர் வீதம் வரும் குறைவை இன்றைய மதிப்பிற்குக் கொணர்ந்து பாருங்கள்; அந்த 22 டாலரேதான் வரும். ஒரே நஷ்டத்தை ஒரே நாளில் ஏற்பதா, தவணை முறையில் வட்டிச் செலவாக ஏற்பதா என்பதொன்றே வேற்றுமை. மலிவான வைப்பு ஓடாமல் நிற்குமளவும் இத்தவணையும் வாராது. ஓடிவிட்டால் முழுவதும் வந்துவிடும்.

சிலிக்கான் வாலி பாங்கின் வீழ்ச்சியை அடுத்துப் பெடரல் ரிசர்வ் மார்ச் 12-இல் ஓர் உதவித் திட்டம் வகுத்து, அரசாங்கக் கடன் பத்திரம் போன்றவற்றைச் சந்தை விலைக்கன்றி முக மதிப்பிற்கே ஈடாக ஏற்றுக் கடன் தரலாயிற்று. பர்ஸ்ட் ரிபப்ளிக்கிற்கு அதனால் விளைந்த பயன் சிறிதே. அதன் செல்வம் பத்திரங்களில் இல்லை, வீட்டுக் கடன்களில் இருந்தது. அவ்வீட்டுக் கடன்கள் அத்திட்டத்தில் ஈடாகா.

அஞ்சிய வைப்பாளர் செயலே இதற்கெல்லாம் காரணம் என்று சொல்வோர் உளர். அவ்வச்சம் உண்மை, அதன் விரைவும் முன்பு கண்டிராதது. எனினும் அச்சம் ஒன்றையே பழித்தல் போதாது என்பது எம் துணிபு. வைப்பாளர் ஒருவரும் ஓடாமல், சந்தை வட்டியில் பாதியை மட்டும் கேட்டிருந்தாலும், அப்பாங்கின் மீதம் ஆண்டுக்காண்டு தேய்ந்தே போயிருக்கும். இருபதாண்டிற்கு ஒரு விலையை விற்பனையில் நிலைநிறுத்திக்கொண்டு, கொள்முதலை நாள்விலைக்கு விட்டதே அடிப்படைக் குறை. நம் நாட்டில் இந்த அபாயம் வேறு உருவம் கொண்டிருக்கின்றது. 2019 அக்டோபர் முதல் நாள் தொட்டு, தனி மனிதர்க்கும் சிறு தொழிலாளர்க்கும் மாறும் வட்டியில் புதிதாய்க் கொடுக்கும் கடன்களை ரிசர்வ் பாங்கின் வட்டி போன்ற ஒரு வெளி அளவோடு பிணைக்கவேண்டும் என்று ரிசர்வ் பாங்கு விதித்தது. ஆகவே வட்டி ஏறும்பொழுது இந்தியப் பாங்கின் வரவும் உடன் ஏறுகின்றது. சுமை வீட்டுக் கடன் வாங்கினவர் தலையில் விழுகின்றது. அமெரிக்கர் வீட்டுக்காரர்க்கு நிலையான வட்டி அளித்துப் பாங்கை ஆபத்தில் விட்டனர். நாமோ பாங்கைக் காத்து வீட்டுக்காரரை ஆபத்தில் விட்டோம். வட்டி இறங்கும் காலத்தில் நிலைமை தலைகீழாகும்: கடன் வட்டி உடனே இறங்கும், முன்னர் உயர்ந்த வட்டிக்கு வாங்கிய தவணை வைப்போ தவணை முடியுமளவும் இறங்காது. அப்போது நம் பாங்குகளின் மீதம் சுருங்கும். எந்நாட்டுப் பாங்காயினும், வரவு வட்டி மாறும் காலமும் செலவு வட்டி மாறும் காலமும் எவ்வளவு ஒத்துள்ளன என்று பார்த்தலே முறை.

2023 மே முதல் நாள், பர்ஸ்ட் ரிபப்ளிக் பாங்கைக் கலிபோர்னியா மாகாண அதிகாரிகள் மூடினர். வைப்புக் காப்புறுதிக் கார்ப்பொரேஷன் அதனைப் பொறுப்பேற்று, அன்றே ஜேபி மார்கன் சேஸ் பாங்கிற்கு விற்றது. எட்டு மாகாணங்களிலிருந்த 84 கிளைகளும் அதே நாளில் புதிய உடையவர் கீழ்த் திறந்தன. வைப்பாளர் ஒருவர்க்கும் பணம் நஷ்டமாகவில்லை. காப்புறுதி நிதிக்கு ஏறத்தாழ 1,300 கோடி டாலர் செலவாகும் என அப்போது மதிப்பிட்டனர். வாங்கிய பாங்கு ஏற்றுக்கொண்ட கடன்கள் ஏறத்தாழ 17,300 கோடி டாலர். ஏற்றுக்கொண்ட வைப்பு, பெரும் பாங்குகள் இட்டது உட்பட, 9,200 கோடி. அமெரிக்காவிலேயே பெரியதான அப்பாங்கிற்கு மலிவான வைப்புக்குக் குறைவில்லை. எனினும் அந்த ஒப்பந்தத்தில் அது கேட்டுப் பெற்றவற்றுள் ஒன்று, காப்புறுதிக் கார்ப்பொரேஷனிடமிருந்து 5,000 கோடி டாலர் கடன்: ஐந்தாண்டுத் தவணை, மாறாத வட்டி.